ஒரு வாட்டில் வைத்திருந்தார் அங்கிள்

காலை ஆறே கால். பொந்தியான் மாவட்டத்தின் தென்பகுதியில், கூக்குப் மீனவக் குடியிருப்பின் பலகை நடைபாதைக்குக் கீழே தண்ணீர் இன்னும் கறுப்பாகத்தான் கிடந்தது. தூண்டில் போட வந்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். படகுக்காரரான சீன அங்கிள் இயந்திரத்தை முடுக்கிவிட்டு அது சூடேறக் காத்திருந்தார். என் மச்சான் மட்டும் ஓரமாக உட்கார்ந்து ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். இணையத்தில் வாங்கிய இரண்டு வாக்கி டாக்கி. முதல் வேலையாக இரண்டையும் ‘ஹை’யில் வைத்தார்.

“அஞ்சு வாட் இருக்கே, ஒண்ணுல வெச்சா அது எதுக்கு?”

படகின் முகப்பில் அங்கிள் பொருத்தியிருந்த வானொலி செட் ஒன்று இருந்தது. உப்புக்காற்றில் வெளுத்துப்போன பெட்டி. சின்னத் திரை. அதன் மூலையில் ‘1வா’ என்று பொருள்படும் எழுத்து. பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட ஒரு பொத்தான். அந்த செட்டால் 25 வாட் வரை போகமுடியும் என்பது மச்சானுக்குத் தெரியும். அதை ஒரு வாட்டில் வைத்திருப்பது ஏன் என்று மலாயில் கேட்டார். “டெக்காட் சாஜா” என்றார் அங்கிள். பக்கத்தில்தானே பேசுகிறேன் என்று அர்த்தம். அந்தச் சிவப்புப் பொத்தானை எப்போதாவது அமுக்கியிருக்கிறாரா என்று கேட்டதற்கு, “தாக் பெர்னா.” ஒருநாளும் இல்லை.

மச்சானுக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. எனக்கோ அங்கிள் சொன்ன இரண்டு சொல்லுக்குள் நூறு வருட வானொலிப் பாடம் அடங்கியிருப்பதாகத் தோன்றியது. 

25 வாட் என்பது எவ்வளவு? நம் வீட்டுக் கூடத்தில் எரியும் ஓர் எல்இடி குழல்விளக்கு அளவு. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலத்தில் இருக்கும் ஒலிபரப்பியின் சக்தியும் ஏறத்தாழ அவ்வளவுதான், 23 வாட். அது இப்போது பூமியிலிருந்து 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் வந்தாலும் அதன் செய்தி நம்மை எட்ட ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கிறது. ஆனாலும் எட்டுகிறது. அங்கிளின் 25 வாட்டோ பொந்தியானிலிருந்து மலாக்கா ஊருக்கே போய்ச் சேராது. 

வாயேஜருக்கு 3.7 மீட்டர் குழிவட்ட அன்டெனா இருக்கிறது, இங்கே அதைக் கேட்க 70 மீட்டர் அன்டெனா இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட எளிய காரணம், வாயேஜருக்கும் நமக்கும் நடுவில் எதுவுமே இல்லை. கூக்குப்பிலிருந்து மலாக்காவுக்கு நடுவில் பூமி இருக்கிறது.

கடல்வழி வானொலி பேசும் அலைவரிசை 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. அலையின் நீளம் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். இந்த வகை அலை ஏறக்குறைய வெளிச்சத்தைப் போலத்தான் நடந்துகொள்ளும், நேர்கோட்டில் போகும். காற்றின் அடர்த்தி உயரே போகப் போகக் குறைவதால் கொஞ்சம் கீழ்நோக்கி வளைந்து, கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைவிட ஒரு பதினைந்து சதவீதம் கூடுதலாக எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான். அதற்குமேல் பூமி வளைந்துவிடுகிறது, அலை வானத்தை நோக்கிப் போய்விடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: அன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அதன் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். பேசுபவருக்கு ஒன்று, கேட்பவருக்கு ஒன்று; இரண்டையும் கூட்டிக்கொள்ளவேண்டும். கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் அன்டெனா வைத்த ஒரு சம்பானுக்கு சுமார் ஆறு கிலோமீட்டர். அதே மாதிரி இன்னொரு சம்பானோடு பேசினால் பன்னிரண்டு. பொந்தியான் கெச்சில் கரையில் நின்றால் மேற்கே தெரிகிற பூலாவ் பீசாங் தீவு ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் ஒரு சம்பானும் தீவோரத்தில் ஒரு சம்பானும் இருந்தால், இந்தக் கணக்குப்படி அவை ஒன்றுக்கொன்று தொடுவானத்துக்குக் கீழே.

அந்தத் தீவின் குன்றின்மேல் 1886ஆம் ஆண்டு முதல் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. தீவு மலேசியாவுடையது, விளக்கை நடத்துவது சிங்கப்பூர். விளக்கைக் கட்டியவர்கள் குன்றைத் தேடிப் போனது ஏன் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. தாழ்ந்த மேடையில் எவ்வளவு பெரிய விளக்கை ஏற்றினாலும் தூரத்துக் கப்பலுக்குத் தெரியாது. வானொலிக்கும் அதே நியாயம். கரையில் 64 மீட்டர் கோபுரத்தில் ஒரு அன்டெனா இருந்தால் அதன் தொடுவானம் 33 கிலோமீட்டர். சம்பானின் ஆறையும் சேர்த்தால் 39. சம்பானில் இருப்பவர் எதையும் மாற்றவில்லை. கேட்பவர் மேலே ஏறினார், தூரம் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

சரி, பவரைக் கூட்டினால்? வெட்டவெளியில் தூரம் இருமடங்கானால் அலை நான்கு மடங்கு பலமிழக்கும். ஆக 1 வாட்டிலிருந்து 25 வாட்டுக்குப் போனால் ஐந்து மடங்கு தூரம் கிடைக்கவேண்டும். விண்வெளியில் கிடைக்கும். பூமிக்கு மிக அருகில், தாழ்ந்த அன்டெனாக்களுக்கு இடையில் நிலைமை வேறு. நேரே போகும் அலையோடு தரையிலோ கடலிலோ பட்டுத் திரும்பும் அலையும் வந்து சேர்ந்து, ஒன்றை ஒன்று தின்றுவிடும். அங்கே தூரம் இருமடங்கானால் பலம் பதினாறு மடங்கு குறையும். 25 மடங்கு பவர் போட்டு நீங்கள் வாங்குவது சுமார் 2.2 மடங்கு தூரம். மச்சானின் வாக்கி டாக்கியில் 1 வாட்டை 5 வாட்டாக்கினால் ஒன்றரை மடங்கு. தொடுவானத்தைத் தாண்டிய பிறகு இந்த ஒன்றரையும் கிடைக்காது.

இதை நான் சொன்னபோது மச்சான் நம்பவில்லை. “அப்ப எதுக்கு அஞ்சு வாட்னு பெட்டியில பெரிசா போட்டு விக்கிறான்?” என்றார். நியாயமான கேள்வி. வாட் எண்ணிக்கையை விற்பது சுலபம், உயரத்தை விற்க முடியாது.

கூட்டிய பவருக்கு விலையும் உண்டு. கையடக்க செட் ஒன்றின் பேட்டரி பெரும்பாலும் 7.4 வோல்ட், 2,000 மில்லிஆம்பியர் மணி அளவில் இருக்கும். ஐந்து வாட்டில் பேசும்போது ஒன்றரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடாமல் பேசினால் எண்பது நிமிடத்தில் தீர்ந்துபோகும். இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அலையாகாமல் வெறும் சூடாகப் போகிறது. நீளமாகப் பேசியபின் செட்டின் முதுகு கையைச் சுடுவது அதனால்தான். ஒரு வாட்டில் அதே பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். தயாரிப்பாளர்கள் ‘பன்னிரண்டு மணி நேரம் நிற்கும்’ என்று எழுதும்போது, நூறில் ஐந்து பங்கு நேரம் பேசுவது, ஐந்து பங்கு கேட்பது, மீதித் தொண்ணூறு சும்மா இருப்பது என்று கணக்கு வைத்துத்தான் எழுதுகிறார்கள். வாய் ஓயாதவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ஆனால் அங்கிள் ஒரு வாட்டில் வைத்திருந்தது பேட்டரிக்காக இல்லை. அவருடைய செட் படகின் பெரிய பேட்டரியில் ஓடுகிறது. காரணம் அந்த ‘டெக்காட்’தான்.

கூக்குப் ஜெட்டியிலிருந்து படகு வெளியேறி, சதுப்புநிலக் காடு மட்டுமே உள்ள பூலாவ் கூக்குப்பைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பினால் தஞ்சோங் பியாய் முனை. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி அது. அங்கே நின்றால் ஒரு பக்கம் இந்தோனேசியாவின் காரிமுன் தீவு, இன்னொரு பக்கம் சிங்கப்பூரின் துவாஸ். நடுவில் கப்பல்கள், ஒன்றன் பின் ஒன்றாக, சாலையில் லாரி போவதைப்போல. மலாக்கா நீரிணையில் ஆண்டுக்கு 80,000க்கும் அதிகமான கப்பல் பயணங்கள் நடக்கின்றன. 1998 டிசம்பர் 1 முதல், 300 டன்னுக்குக் குறையாத கப்பல்களும் 50 மீட்டருக்குக் குறையாத கப்பல்களும் இந்த நீரிணையில் நுழையும்போது வானொலியில் தங்களை அறிவித்தே ஆகவேண்டும். பாதையை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எந்தச் சேனலில் பேசவேண்டும் என்று குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் மேலே எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது: சேனல் 16, 156.8 மெகாஹெர்ட்ஸ். அழைக்கவும் ஆபத்துக்கும் மட்டும். மூன்று நாட்டுக் காதுகளும் அந்த ஒரே சேனலில்.

இந்த செட்டுகள் எஃப்எம் முறையில் பேசுபவை. எஃப்எம்முக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. ஒரே சேனலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், சந்தையில் கேட்பதுபோல இரண்டு குரலும் கலந்து கேட்காது. பலமான அலை பலவீனமான அலையை அப்படியே விழுங்கிவிடும். சற்றுப் பலமாக இருந்தாலே போதும், மற்றவர் பேசினார் என்ற தடயம்கூட இருக்காது. ஆகவே ‘நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம்’ என்று பக்கத்துப் படகிடம் நீங்கள் 25 வாட்டில் கேட்கும் அந்த ஐந்து நொடியில், தூரத்தில் ஒரு சம்பானிலிருந்து பேட்டரி தீரும் தறுவாயில் ஒருவர் கூப்பிட்டிருந்தால், அவர் கூப்பிட்டதை உங்களைச் சுற்றியுள்ள யாருமே அறியமாட்டார்கள். நீங்களும்தான், பேசுகிற பொத்தானை அமுக்கியிருக்கும்வரை இந்த செட்டுகளால் கேட்கமுடியாது.

பக்கத்துச் சேனல்களுக்கும் கட்டுப்பாடு உண்டு: சேனல் 15, 17 இரண்டையும் கப்பலுக்குள்ளேயே பேசிக்கொள்ளப் பயன்படுத்தும்போது ஒரு வாட்டுக்கு மேல் போகக்கூடாது. சேனல் 16க்கு இரு பக்கமும் மிக அருகில் இருப்பவை அவை. ஆபத்து அழைப்பின் பக்கத்து வீட்டில் யாரும் உரக்கப் பேசக்கூடாது.

பக்கத்திலிருந்து வரும் உரத்த அலை என்ன செய்யும் என்பதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1912 ஏப்ரல் 14 இரவு, பனிக்கட்டிகளுக்கிடையே நின்றுவிட்ட கலிஃபோர்னியன் கப்பலின் வானொலி இயக்குநர் சிரில் எவன்ஸ், அக்கம்பக்கத்தில் வந்துகொண்டிருந்த டைட்டானிக்கை எச்சரிக்கக் கூப்பிட்டார். டைட்டானிக்கில் ஜாக் ஃபிலிப்ஸ், தொலைவில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து மெலிதாக வந்துகொண்டிருந்த செய்திகளைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கப்பலின் தந்தி அந்தக் காதில் இடியாக விழுந்தது. சும்மா இரு, வேலையாக இருக்கிறேன் என்று பதில் அடித்தார் ஃபிலிப்ஸ். எவன்ஸ் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு 11.35 அளவில் செட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அதற்குப் பிறகு அது அனுப்பிய ஆபத்து அழைப்புகளை மிக அருகில் இருந்த அந்தக் காது கேட்கவில்லை. சுமார் 1,500 பேர் இறந்தார்கள்.

அந்தக் காலத்து வானொலி இன்றைய எஃப்எம் அல்ல, தீப்பொறி வானொலி. ஆனாலும் பாடம் அப்படியே நிற்கிறது. பின்னால் வந்த தலைமுறைகள் கப்பல் வானொலி அறையில் ஒரு வினோதக் கடிகாரத்தை மாட்டின. ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18 நிமிடம்வரை, 45 முதல் 48 நிமிடம்வரை, முகப்பில் சிவப்புச் சாயம் பூசியிருக்கும். அந்த மூன்று நிமிடம் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் உலகத்தில் எந்தக் கப்பலும் பேசக்கூடாது, கேட்க மட்டும் வேண்டும். தூரத்தில் மூழ்கிக்கொண்டிருப்பவனின் மெல்லிய அழைப்பு அந்த அமைதியில் காதில் விழட்டும் என்று. பவரைக் கூட்ட வழியில்லாதவனுக்காக மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். மனிதர்கள் சேர்ந்து செய்த ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் இது ஒன்று.

குரலில் பேசும் வானொலி வந்தபின், 1920களின் தொடக்கத்தில் லண்டன் க்ராய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்த ஃப்ரெடரிக் மாக்ஃபோர்டிடம் ஓர் ஆபத்துச் சொல் கேட்டார்கள். அங்கிருந்து பறந்த விமானங்கள் பெரும்பாலும் பாரீஸ் பக்கம் போய்வந்தவை. பிரெஞ்சில் ‘எனக்கு உதவு’ என்பதன் ஓசையை ஒட்டி அவர் ‘மேடே’ என்றார். 1927இல் அது உலகப் பொதுச்சொல் ஆனது. மூன்று முறை சொல்லவேண்டும். சொன்ன பிறகு அந்தச் சேனலை யாராவது தொந்தரவு செய்தால், மீட்பை நடத்துபவர் ‘சீலோன்ஸ் மேடே’ என்று அதட்டுவார். முதல் தடவை இதைக் கேட்டபோது இலங்கையைப் பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிரெஞ்சுக்காரர் வாயில் ‘மௌனம்’ அப்படித்தான் ஒலிக்கிறது.

இனி அந்தச் சிவப்பு மூடி. கடல் செட்டுகளில் அது ஏன் மூடிக்குக் கீழே இருக்கிறது என்றால், கைபட்டு அமுங்கிவிடக்கூடாது என்பதற்காக. மூடியைத் தூக்கி, பொத்தானை மூன்று முதல் ஐந்து நொடி விடாமல் அமுக்கவேண்டும். அப்போது செட் தானாகவே சேனல் 70க்குத் தாவும். முழு பவருக்குப் போகும். அரை நொடி நீளத்தில் ஓர் எண்தொடரை அனுப்பும். இந்தப் படகின் ஒன்பது இலக்க அடையாள எண், செயற்கைக்கோள் மூலம் அறிந்த அதன் இருப்பிடம், அந்த நேரம், என்ன வகை ஆபத்து, எல்லாம் அதற்குள். ஒவ்வொரு எழுத்தும் இரண்டு தடவை போகும். ஒன்று இரைச்சலில் சிதைந்தால் மற்றது இருக்கட்டும் என்று. கேட்கும் தூரத்தில் இதே வசதியுள்ள ஒவ்வொரு செட்டும், அதன் ஒலியைக் குறைத்து வைத்திருந்தாலும், காது கிழியும்படி அலறும். பிறகு உங்கள் செட் சேனல் 16க்கு வந்து நிற்கும், நீங்கள் வாயால் பேசுவதற்காக. யாராவது ஏற்றுக்கொண்டேன் என்று எண்ணாலேயே பதில் தரும்வரை ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை அதுவே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் தண்ணீரை வாளியில் இறைத்துக்கொண்டிருக்கலாம்.

இதில் சாதுரியம் எங்கே இருக்கிறது பாருங்கள். சேனல் 70இல் மனிதர் பேசவே கூடாது, எந்திரங்கள் மட்டும். அங்கே எப்போதும் சிவப்பு மூன்று நிமிடம்தான். அழைப்பு வெறும் அரை நொடி என்பதால் அதன்மேல் வேறொன்று ஏறி விழுங்கிவிடும் வாய்ப்பும் குறைவு. 1999 பிப்ரவரி 1 முதல் பெரிய கப்பல்கள் அனைத்திலும் இந்த ஏற்பாடு கட்டாயம். சிவப்பு முகக் கடிகாரங்கள் அருங்காட்சியகத்துக்குப் போயின.

தொடுவானத்துக்கு அப்பால் போனவர்களுக்கு இதுவும் உதவாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரியை உரசிக்கொண்டு போனபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் மீனவர்கள் பலர் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த செட்டுகளின் குரல் கரையை எட்டாது, கரையின் எச்சரிக்கை அவர்களை எட்டாது. வாட் கூட்டித் தீர்கிற விஷயம் அல்ல அது. தீர்வு மேலே இருந்தது. கடலாபத்து அலைகாட்டிகள் 406 மெகாஹெர்ட்ஸில் வெறும் ஐந்து வாட்டில், மச்சானின் வாக்கி டாக்கி அளவே பவரில், 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளை எட்டுகின்றன. குறுக்கே பூமி இல்லை. ஐம்பது நொடிக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் அரை நொடி. 48 மணி நேரம் கூப்பிட்டாலும் அது மொத்தமாகப் பேசியிருப்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு. சின்ன பேட்டரியில் இரண்டு நாள் தாங்குவதன் ரகசியம் அதுதான். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் மீனவர்களுக்கென்று செய்த ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு குறை: அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்று படகிலிருப்பவருக்குத் தெரியாது. 2024இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறை, உங்கள் செய்தி கிடைத்தது என்று பதில் தருகிறது. அலைகளுக்கு நடுவில் தனியாக இருப்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிது என்று கரையில் இருக்கும் நம்மால் அளக்கமுடியாது.

தரையிலும் இதே சிந்தனைதான், வேறு உடையில். போலீஸ், தீயணைப்பு மீட்புப் படையினர் தோளில் மாட்டியிருக்கும் செட்டுகளின் தலையில் ஆரஞ்சு அல்லது சிவப்புப் பொத்தான் இருக்கும். மலேசியாவில் அரசுத் துறைகளுக்குப் பொதுவான ‘ஜிஐஆர்என்’ வலையமைப்பு டெட்ரா என்ற முறையில் இயங்குகிறது. அம்முறையில் அந்தப் பொத்தானை அமுக்கினால், எல்லா வழியும் நிறைந்திருந்தாலும் முக்கியமற்ற ஒரு பேச்சைத் துண்டித்துவிட்டு உங்களுக்கு இடம் தருவார்கள். கையால் எதையும் அமுக்காமலேயே ஒலிவாங்கி சில நொடி திறந்து, சுற்றி நடப்பதைக் கேட்கவைக்கும்படியும் அமைக்கலாம். சில செட்டுகளில், ஆள் விழுந்துவிட்டால் சாய்வை உணர்ந்து தானே கூப்பிடும் வசதியும் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒருவருக்கு அதன் மதிப்பு சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மச்சானின் வாக்கி டாக்கியிலும் ஆரஞ்சுப் பொத்தான் ஒன்று இருந்தது. படகு முனையைத் தாண்டும்போது ஆர்வம் தாங்காமல் அமுக்கினார். ஆம்புலன்ஸ்போல் ஊளையிட்டது, விளக்கு மின்னியது. வேறு என்ன ஆகும் என்று கேட்டார். இன்னொரு வாக்கி டாக்கியும் ஊளையிடும், அதுவும் நம் படகில்தான் இருக்கிறது என்றேன். அவை 477 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுபவை. மலேசியாவில் தனி உரிமம் எடுக்காமல் பொதுமக்கள் பயன்படுத்த விட்டிருக்கும் இடம் அது. கடலில் எந்தக் கப்பலும், எந்தக் கரை நிலையமும் அங்கே காது வைத்திருப்பதில்லை. ஐந்து வாட் என்ன, ஐம்பது வாட் போட்டாலும் யாரும் இல்லாத அறையில் கத்துவதுதான்.

பத்து மணி வாக்கில் மேற்கே, சுமத்திரா பக்கம், வானம் ஈயநிறமாகத் திரண்டது. தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலைகளிலும் காலைகளிலும் வரும் ‘சுமத்திரா’ காற்றுமழையை இந்தக் கரையோரத்தில் அறியாதவர் கிடையாது. அங்கிள் நங்கூரத்தை எடுக்கச் சொன்னார். செட்டின் முன் குனிந்து, திரை மூலையை 25க்கு மாற்றினார். இப்போது தூரத்தில் இருந்த கூட்டாளிப் படகைக் கூப்பிடவேண்டும். இப்போது ‘டெக்காட்’ இல்லை. கூப்பிட்டார், பதில் வந்தது, திரும்ப ஒன்றுக்குக் கொண்டுவந்தார். எல்லாம் இருபது நொடிக்குள்.

மழை கொட்டத் தொடங்கியபோதும் குரல் தெளிவாகவே வந்தது. இரண்டு மீட்டர் அலைக்குச் சில மில்லிமீட்டர் மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. கெடுப்பது வேறு சிறு விஷயங்கள். அன்டெனா எப்போதும் நேர் நிமிர்ந்து நிற்கவேண்டும். எதிராளியுடையது நிமிர்ந்திருக்க உங்களுடையதைப் படுக்க வைத்தால், மோசமான நிலையில் பவர் நூறில் ஒரு பங்காகக் குறைந்ததற்குச் சமம். ஹை, லோ எதுவும் அந்த நட்டத்தை ஈடு கட்டாது. இடுப்பில் செருகிக்கொண்டு பேசினால் அலையின் பெரும்பங்கை உடம்பே குடித்துவிடும். பதில் வருகிறதா என்று தெரியாமல் தவிக்கும்போது, இரைச்சலை அடக்கி வைக்கும் ஸ்குவெல்ச் குமிழை முழுக்கத் திறந்துவிடவேண்டும். ‘ஹ்ஷ்ஷ்’ என்று இரைச்சல் பெருகும், ஆனால் அதற்கடியில் ஒரு மெல்லிய குரல் இருந்தால் அப்போதுதான் கேட்கும். அடக்கி வைத்திருந்தால் செட் அதையும் இரைச்சல் என்று தள்ளிவிடும்.

ஜெட்டிக்குத் திரும்பியபின், மழையில் நனைந்தபடியே அங்கிளிடம் செட்டின் பட்டியலைத் திறந்து காட்டச் சொன்னேன். சிவப்புப் பொத்தான் வேலை செய்யவேண்டுமானால் அந்த ஒன்பது இலக்க எண்ணை ஒருமுறை உள்ளே பதிந்திருக்கவேண்டும். மலேசியப் படகென்றால் அது 533 என்று தொடங்கும். இருப்பிடம் தெரியும் கருவியோடும் செட்டை இணைத்திருக்கவேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2010 வாக்கில் தான் பெற்ற இத்தகைய ஆபத்து அழைப்புகளை ஆராய்ந்தபோது, நூறில் தொண்ணூறில் இருப்பிடம் இல்லை, அறுபதில் பதிவு செய்த எண் இல்லை என்று கண்டது. யார் கூப்பிடுகிறார், எங்கிருந்து கூப்பிடுகிறார் என்று தெரியாத அலறல்கள்.

அங்கிள் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் அந்தப் பக்கம் வந்தது. எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது சிறு கோடுகள் மட்டும். செட் வாங்கி எத்தனை வருடம் என்று மச்சான் கேட்டார். நான்கு என்று விரல் காட்டினார் அங்கிள்.

அடுத்த முறை படகு ஏறும்போது, மிதவை அங்கி இருக்கிறதா என்று கேட்பதோடு, அந்த எண் பதிந்திருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.